கரவன் கால் எழும்பாத வெள்ளிக்கிழமை

நகுலேஸ்வரியிடம் யாராவது "வீடு எங்கை?" என்று கேட்டால் லண்டனில் குட்மேய்ஸ் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுவா. வீடு என்று சொல்ல அங்கே என்ன இருந்தது, மண்ணாங்கட்டி! பாலசுப்பிரமணியன் அண்ணையின் வீட்டு வளவில், வேலியோடு ஒட்டி நின்ற ஒரு பழைய கரவன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போக வெள்ளைக்காரர் வாங்குகிற சில்லு வைத்த சாமான். அதற்குள்தான் அவவும் புருஷன் சந்திரகுமாரும் சமைத்து, சண்டை பிடித்து, படுத்து எழும்பினார்கள்.

சந்திரகுமாரின் கடை நட்டத்தில் மூடினபிறகு, கோயில் பழக்கத்தில் இடம் கொடுத்தவர் பாலசுப்பிரமணியன். நல்ல மனுசன். நல்ல மனுசருக்கு ஆயுசு எங்கே கெட்டியாக இருக்கிறது? திடீரென்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகள் ஜதுர்ஷிகா வீட்டை விற்றுவிட்டாள். அவளையும் பிழை சொல்லக் கூடாது, அழாக்குறையாகத்தான் சொன்னாள்: "அங்கிள், வெள்ளிக்கிழமையோட கரவனை எடுத்திடுங்கோ. சனிக்கிழமை புது ஆக்கள் வளவைத் துப்பரவாக்கப் போகினம். கரவன் நிண்டால் உடைச்சுத்தான் ஏத்துவினமாம்."

சந்திரகுமார் ஓடித் திரிந்து எசெக்ஸ் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் இடம் பிடித்தார். பண்ணைக்காரன் கறாரான ஆள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசலைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறானாம். அதற்கு முன் வந்து சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிரதாபன் தன் இழுவை வண்டியோடு வந்து இறங்கினான். பழுதான கார்களை ஏற்றி இறக்குவதுதான் அவன் தொழில்.

"அண்ணை, முதல்ல காலை எழுப்புங்கோ. பிறகு கொழுவுவம்."

கரவனின் நாலு மூலையிலும் நாலு இரும்புக்கால். உள்ளே ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு பக்கம் அமத்தினால் கால் இறங்கி நிலத்தில் ஊன்றும், மற்றப் பக்கம் அமத்தினால் எழும்பும். சந்திரகுமார் அமத்தினார். கீழே ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். பியூஸ் எரிந்துவிட்டது.

"கண்டறியாத பட்டன்!" என்று திட்டிக்கொண்டு புதுப் பியூஸ் போட்டார். அதுவும் எரிந்தது. பிரதாபன் பற்றறியைப் பார்த்தான், நல்லாகத்தான் இருந்தது. வயரைத் தடவித் தடவிப் பார்த்தான், அறுந்த இடம் ஒன்றுமில்லை. கறள் பிடித்திருக்கும் என்று எண்ணெய் அடித்து ஊறவிட்டான். பட்டனை அமத்தினால் பழையபடி அதே முனகல்.

நகுலேஸ்வரி படியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. பியூஸிலும் பிழையில்லை, மோட்டரிலும் பிழையில்லை என்று அவவுக்குத் தெரியும். பிழை எங்கே என்று அந்த வளவில் அவ ஒருத்திக்குத்தான் தெரியும். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்த மாதிரி பேசாமல் இருந்தா.

இதை விளங்கிக்கொள்ள அவவின் கதை கொஞ்சம் தெரியவேண்டும். ஊரில் சண்டை வந்து கோண்டாவிலை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து மனுசி ஓரிடத்தில் நிலையாக நின்றதில்லை. சாவகச்சேரி, கிளிநொச்சி, கொழும்பில் ஒரு லொட்ஜ், ஜேர்மனியில் அகதி முகாம், பிறகு அங்கே ஒரு மாடி வீடு. மகள் கோசிகா இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டன். லண்டனிலும் மோர்டன், ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் என்று அறை அறையாக அலைச்சல். மகள் படித்து, கலியாணம் கட்டி, இப்போது மாமியார் வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அங்கே போய் நிற்க ஏலுமா? ஏலாது.

கரவனிலும் நிம்மதி இருக்கவில்லை. மழைக்குக் கால் சேற்றில் புதைந்து ஒரு பக்கம் சரியும். சந்திரகுமார் பட்டனை அமத்துவார். கட்டிலுக்குக் கீழே மோட்டர் உறுமும், கரவன் தள்ளாடும். அந்தச் சத்தத்துக்கு அவ துள்ளி எழும்புவா. ஆரோ வெளிக்கிடச் சொல்லுகினம் என்று பெட்டியைத் தேடுவா.

பாலசுப்பிரமணியன் வீட்டு முன்பக்கம் கல் பதித்தபோது வேலைக்காரர் சீமெந்தும் மணலும் மிச்சம் விட்டுப் போனார்கள். புருஷன் வேலைக்குப் போன ஒரு நாள் நகுலேஸ்வரி நாலு காலையும் சுற்றி மண்ணைத் தோண்டினா. வாளியில் சீமெந்தைக் குழைத்து, இரும்புப் பாதம் மூடுமட்டும் ஊற்றினா. காய்ந்தபிறகு மேலே மண்ணைப் பரப்பி, புதினாச் சாடிகளை வைத்தா. கரவன் அதன்பிறகு ஆடவேயில்லை. பட்டனுக்கும் வேலையில்லை. "இப்பதான் நான் லெவல் சரியாப் பிடிச்சிருக்கிறன்" என்று சந்திரகுமார் பெருமையடித்தார். அவ சிரித்துக்கொண்டு விட்டுவிட்டா. அந்த விசர்வேலை செய்தபிறகுதான் மனுசி நித்திரை என்று ஒன்று கொண்டா.

இனிச் சொல்லுங்கோ, எந்த வாயால் சொல்லுவா?

பிரதாபன் கடைசியில் கைபிடியை எடுத்தான். மோட்டர் வேலை செய்யாவிட்டால் கையால் சுற்றிக் காலை எழுப்பலாம். முன் இடது காலில் மாட்டி, பலம் முழுக்கக் கொடுத்துச் சுற்றினான். உள்ளே பற்சில்லு கடக்கென்று முறிந்தது. முன் வலது காலும் அப்படியே.

"என்ன கோதாரியோ தெரியேல்லை, அண்ணை. ஏதோ கீழ இழுத்துப் பிடிக்குது."

சந்திரகுமார் நேரத்தைப் பார்த்தார். சேட்டோடு சேற்றில் படுத்து, இடுப்பு நாரி நோவையும் பாராமல், பின்காலைப் பார்க்கக் கரவனுக்குக் கீழே ஊர்ந்தார். கண்ணில் எண்ணெய் விழ "ஐயோ" என்று முனகினார். அந்த "ஐயோ"தான் அவவை எழுப்பியது.

"இஞ்சாருங்கோ, வெளியால வாங்கோ. கால் வராது."

"ஏன்?"

"சீமெந்து."

அவ போய்ப் புதினாச் சாடியைத் தள்ளி, மண்ணைக் கையால் வழித்துக் காட்டினா. பிரதாபன் தலையில் கைவைத்தான்.

"கடவுளே! அக்கா, காலமை சொல்லியிருந்தா நாலையும் உடைச்சிருப்பமே!"

சுத்தியலும் உளியுமாக இரண்டு பேரும் இறங்கினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவ கலவை நல்லாகத்தான் போட்டிருந்தா. ஒரு காலை விடுவிக்கவே மத்தியானம் கழிந்துவிட்டது. இரண்டாவது காலில் நிற்கையில் சந்திரகுமாரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, போனைப் பொக்கற்றுக்குள் வைத்து, சுத்தியலைக் கீழே போட்டார்.

"இடத்தை மற்ற ஆளுக்குக் குடுத்திட்டானாம்."

பிரதாபன் சங்கிலியைச் சுற்றி வண்டியில் போட்டான். "இனிக் காலை எடுத்தாலும் ரோட்டில கொண்டுபோய் விட ஏலாது, அண்ணை. கவுன்சில் தூக்கிப்போடும்" என்றான். கைகொடுத்துவிட்டுப் போய்விட்டான், பாவம், அவன் வேறென்ன செய்வான்.

சந்திரகுமார் வந்து படியில் பக்கத்தில் இருந்தார். ஏசுவார் என்று அவ பார்த்தா. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நேரத்தோட சொல்லியிருந்தீர் எண்டால்..." என்று தொடங்கினார்.

"சொல்லியிருந்தா இப்ப வெளிக்கிட்டிருப்பம்," என்றா நகுலேஸ்வரி. "எனக்கு இனி வெளிக்கிட ஏலாதப்பா. அதுதான் சொல்லேல்லை."

அவர் அவவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி உள்ளே போய், அலுமாரிக்கு மேலிருந்து பெட்டிகளை இறக்கினார். இதுவரை இருந்த அத்தனை இடத்திலும் மூட்டை கட்டினது அவதான். அவருக்கு ஒரு சேலையை மடிக்கவும் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து, சுருட்டிச் சுருட்டிப் பெட்டிக்குள் அடைத்தார். விடிந்தால் கரவனை உடைக்க வந்துவிடுவார்கள், எங்கே கொண்டுபோக என்று அவருக்கே தெரியாது. நகுலேஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் படியை விட்டு எழும்பவில்லை.