ஐஸில் வந்த பதினான்கு குழாய்கள்

யமுனா, ஆந்திர எல்லையில் உள்ள நகரி என்ற ஊரில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். சித்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு 1998-இல் பெங்களூருக்குப் போனாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் அங்கே புதிது புதிதாகக் கடை விரித்த காலம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தேடிப் போக, இவள் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். எட்டு வருஷம் கழித்துத் திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரி அப்படி ஒன்றை வாங்கியது, ஓட்ட ஆளில்லை. கான்ட்ராக்ட் வேலைதான் என்று தெரிந்தும் யமுனா வந்தாள். பக்கத்து மேஜையில் ரத்த வகை பார்த்துக்கொண்டிருந்தவன் நான், பாலசுந்தரம்.

"இது இன்னாம்மா செய்யுது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ரத்தத்துல கீற அணுவுங்கள ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையில வுடுதுண்ணா. ஒவ்வொண்ணு மேலயும் லேசர் வெளிச்சம் படும். அது எப்படி செதறுதுன்னு பாத்தா, அணு பெருசா சின்னதா, உள்ள மழமழன்னு கீதா பொரிபொரியா கீதான்னு தெரிஞ்சிடும். நாம கலக்குற சாயம் நமக்கு வேணுங்கிற அணு மேல மட்டும் ஒட்டிக்கினு மின்னும். மின்னுறத மிஷினு எண்ணிக்கும்."

ஒவ்வொரு அணுவும் திரையில் ஒரு புள்ளியாக விழும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் விழுந்து, இனம் இனமாகக் கூட்டம் சேரும். எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களை எண்ணுவதுதான் அவளுக்குப் பெரும்பாலும் வேலை. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் அந்நாளில் மருந்து தொடங்குவார்கள்.

2008 மே மாதம். சூளூர்பேட்டையிலிருந்து பழனி என்ற சுகாதார ஊழியர் பதினான்கு நோயாளிகளின் ரத்தத்தைச் சோதனைக் குழாய்களில் பஸ்ஸில் கொண்டுவந்தார். யமுனா ஓட்டினாள். பதினான்கிலும் எண்ணிக்கை அடிமட்டம். புள்ளிகள் கூட்டம் சேராமல் தேய்த்துவிட்ட மாதிரி பரவிக் கிடந்தன.

டாக்டர் ஹரிபாபு அவசரத்தில் இருந்தார். "நம்பர் வந்துடுச்சு இல்லம்மா? ரிப்போர்ட் போட்டுடு."

"நம்பர் வந்துது சார். அணு வரல."

அவர் முகம் சிவந்தது. யமுனா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "என் ரத்தத்த எடுங்கண்ணா."

எடுத்துக் கொடுத்தேன். அதே இயந்திரம், அதே சாயம். திரையில் கூட்டங்கள் தனித்தனியாக, பளிச்சென்று நின்றன. ஹரிபாபு இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோளாறு இயந்திரத்தில் இல்லை, வந்த ரத்தத்தில்தான்.

யமுனா பழனியைக் கூப்பிட்டாள். "எப்படி எடுத்துகினு வந்தீங்க?"

"வெயிலு கொளுத்துது மேடம். கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ்கட்டி நடுவுல பொதச்சிகினு வந்தேன்."

இந்தச் சோதனைக்கு ரத்தம் அறைச் சூட்டிலேயே வர வேண்டும். ஐஸ்கட்டியின் குளிர் பட்டால் அணுக்கள் சிதைந்துவிடும். யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. யமுனா அவரைக் கோபிக்கவில்லை. "நல்லதுன்னு நெனச்சிதான செஞ்சீங்க. நாளைக்கு நானே வரேன்" என்றாள்.

மறுநாள் ரயிலில் போனாள். பழனி வீடு வீடாக அலைந்து ஆட்களைக் கூட்டிவந்தார். பதின்மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மட்டும் மெட்ராஸ் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார், கடைசிவரை கிடைக்கவில்லை. புதிய குழாய்களைத் தெர்மோகோல் பெட்டியில், தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

நான்கு பேருக்கு எண்ணிக்கை உண்மையிலேயே குறைவு. அந்த வாரமே மருந்து தொடங்கியது. மற்றவர்களுக்கு இன்னும் தேவைப்படவில்லை. மீன் விற்கும் சுந்தரம்மாவுக்கு முதலில் தொண்ணூறு என்று காட்டியது, இப்போது நானூற்று எண்பது. ரிப்போர்ட்டை வாங்கியவள், "அப்போ நான் கடைக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னிக்கே போங்க" என்றாள் யமுனா.

இரண்டு வருஷத்தில் இரண்டு பேரைப் பழக்கிவிட்டு அவள் மஸ்கட் போனாள். அங்கே அவளுக்கு ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு. "ஒரே நேரத்துல பத்து கலர் சாயத்த பாக்குற மிஷினுண்ணா! பத்தாயிரம் நல்ல அணுவுக்குள்ள ஒளிஞ்சிகினு கீற ஒரு கெட்ட அணுவ புடிச்சிடலாம்" என்று போனில் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவள் முடிக்கும்வரை போனை வைக்க மனம் வரவில்லை.