மிளகுக்கும் பார்லிக்கும் நடுவே ஒரு நெஞ்சுச்சளி

நான் பிழைக்க வந்திருக்கும் இந்தத் தீவு நாட்டில் வாடகை அறைக்காரன் நூடுல்ஸ் கிளறினால் அது சமையல் இல்லை. மிளகைத் தட்டிக் கொதிக்கவிட்டால் சமையல். தெம்பனிஸில் நான் குடியிருக்கும் வீட்டின் சீன ஆன்ட்டி, சாவி கொடுத்த அன்றே "லைட் குக்கிங் ஒன்லி லா" என்று சொல்லிவிட்டார். இருமல் வரும்வரை அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வந்ததோ குடலைப் பிடுங்கும் இருமல். கிளினிக்கில் டாக்டர் நம்மவர், இங்கேயே பிறந்தவர். "அக்யூட் பிராங்கைட்டிஸ். வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் வேணாம். ரெஸ்ட் எடுங்க, தண்ணி நிறைய குடிங்க. இருமல் மூணு வாரம்கூட இழுக்கும். மூச்சு வாங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் விடலைன்னாலோ உடனே வாங்க" என்றார். "ஊசி?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். எங்கள் மன்னார்குடியில் இப்படிக் கேட்கும் டாக்டர் மறுநாள் ஈ ஓட்டவேண்டியதுதான். அங்கே ஊசி குத்தினால்தான் வைத்தியம். குத்தாவிட்டால் வெறும் பேச்சு.

வீடியோவில் அம்மா தீர்ப்புச் சொன்னார்: "எல்லாம் குளிர்ச்சிடா. மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் குடி." ஃபேரர் பார்க்கில் நம்மூர் மளிகைக் கடையில் வாங்கிவந்து, போனை அடுப்படியில் சாய்த்து, அவர் மேற்பார்வையிலேயே கொதிக்கவிட்டேன். வாசம் பிடித்து ஆன்ட்டி ஓடிவந்தார்.

"யூ குக் கறி ஆ?"

"நோ ஆன்ட்டி, மெடிசின்."

எட்டிப் பார்த்தவர் அலறினார். "அய்யோ, பெப்பர் வெரி ஹீட்டி! காஃப் மோர் லா!" சீனர் கணக்கில் இருமலே உடம்புச் சூடு. கஷாயத்தைத் தள்ளிவைத்து ஒரு கோப்பை பார்லித் தண்ணீரை என் கையில் திணித்தார். "அங்கிள் லங் நோ குட். யூ காஃப் சம்மோர், யூ மூவ் அவுட்." கணவரின் நுரையீரலை நினைத்த அவர் பயமும் நியாயம்தான். ஆனால் அறை போனால் இந்த இருமலோடு எனக்கு எவன் கதவைத் திறப்பான்?

"யாருடா அது? போனைக் குடு" என்றார் அம்மா. கொடுத்தேன்.

"ஹீட்டு! உடம்புக்கு ஹீட்டு!" என்றார் அம்மா, சூடு வேண்டும் என்ற பொருளில்.

"யா, யா! ஹீட்டி!" என்றார் ஆன்ட்டி, சூடு ஏறிவிட்டது என்ற பொருளில்.

இருவரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். ஐ.நா. சபையில்கூட இப்படி ஓர் ஒற்றுமை கண்டிருக்க முடியாது. எனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்க்கத்தான் நான் தயாராக இல்லை.

"யுவர் மதர் வெரி க்ளெவர். யூ ஸ்டே லா. பட் வேர் மாஸ்க்" என்றார் ஆன்ட்டி. அப்பாடா!

போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் நகரவே இல்லை. "குடிடா கண்ணு" என்றார் அம்மா, கோப்பையில் இருப்பது கஷாயம் என்ற நம்பிக்கையில். "டிரிங்க், டிரிங்க்" என்றார் ஆன்ட்டி. பார்லியை ஒரே மூச்சில் குடித்தேன். நெஞ்சிலிருந்து இருமல் கிளம்பியது. கண்ணில் நீர் முட்ட அதை அடக்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.