சமத்து என்றார்கள்

என் மூத்த பெண் பிறந்தபோது, ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாம் அவளைச் சமத்து என்றார்கள். அழமாட்டாள். பசித்தாலும் ஒரு சிணுங்கலோடு சரி. என் நாத்தனார் ஊரெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு, குழந்தைக்கு நெட்டி முறிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால் குடிப்பதற்குள் நெற்றி வியர்த்து, பாதியில் விட்டுவிட்டுத் தூங்குகிற குழந்தைக்குச் சமத்தாவது மண்ணாவது!

ஒருநாள் அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். பிறகு அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி, அதன் மார்பிலும் கேட்டேன். அதன் இதயம் குடுகுடுவென்று ஓடியது. என் பெண்ணுடையது யோசித்து யோசித்து அடித்தது.

வீட்டில் சொன்னதற்குச் சிரித்தார்கள். என் கணவர் மட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் வரை குழந்தை இருக்க வேண்டாமா? மறுநாள் காலையிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் நெடுநேரம் கேட்டார். கை கால்களில் பட்டைகளைக் கட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். இதயத்தின் மேல் அறை சொல்வது கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை, கீழ் அறை தன் இஷ்டத்துக்கு மெதுவாக அடித்துக்கொள்கிறது, பிறவியிலேயே வந்த கோளாறு என்றார். எங்கள் வீட்டிலும் மாடிக்கும் கீழுக்கும் அப்படித்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதயத்தை வேகப்படுத்த ஒரு மாத்திரை இருக்கிறது, பலன் நிச்சயமில்லை, கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

பச்சைக் குழந்தைக்கு இங்கிலீஷ் மருந்தா, வயிறு வெந்துவிடும் என்று வீடே எதிர்த்தது. நாத்தனார் என்னைத் தனியே அழைத்தார். அன்பாகத்தான் சொன்னார்.

"பெருமாள் எடுத்துண்டா எடுத்துக்கட்டும். பொண்ணுதானேடி. உனக்கென்ன வயசாயிடுத்தா, இன்னொண்ணு பொறக்கும்."

"பொறக்கும் அக்கா. அது இவளா இருக்காது."

மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் குழைத்து, பாலாடையால் புகட்டினேன். துப்பினாள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடி புகட்டினேன். யாரும் என்னோடு பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும். மெல்ல மெல்ல முழுப் பாலையும் குடிக்கத் தொடங்கினாள்.

ஒரு மத்தியானம் நான் அடுப்படியிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. அவள் வீறிட்டு அலறினாள். தொண்டை கிழிகிற அலறல். நாத்தனார் பதறி ஓடிவந்து, தூக்கேன் என்றார். நான் உடனே தூக்கவில்லை. தெருவுக்கும் கேட்கட்டும் என்று, போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன்.