வேற நம்பர் சர்ட்டிஃபிகேட்

ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இன்னைக்கு காலையில நடந்த கூத்து இது.

கொழுந்து எடுக்கிறவங்க இடுப்புல ரேடியோ டேக் மாட்டப் போறாங்களாம். யார் எந்த நிரையில நிக்கிறாங்கன்னு மேனேஜர் ஆபீஸ்ல இருந்தே பார்ப்பாராம். அதைச் சோதிக்க கோலாலம்பூர்ல இருந்து எஞ்சினியர் வந்தாரு. நான் அவரோட டெக்னிஷியன்.

புனல் மாதிரி இருக்கிற ஹார்ன் ஆண்டெனாவை ஸ்டாண்டுல ஏத்தினாரு. "இதுதான் ரெஃபரன்ஸ். மத்த எல்லாத்தையும் இதை வச்சுத்தான் அளக்கணும். யாரும் தொடாதீங்க." சாமி சிலையை இறக்கி வச்ச மாதிரி ஒரு பந்தா.

கொழுந்து எடுக்கிற செலின் அக்கா பக்கத்துல நின்னு கேட்டாங்க. "சரி தம்பி, இதை யாரு அளந்தது?"

"சர்ட்டிஃபிகேட் இருக்கு லா அக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே தாளை நீட்டினாரு.

அக்கா தினமும் தராசு முள்ளையும் மூட்டை நம்பரையும் பார்த்துட்டுத்தான் கணக்கு எழுதுற கிராணியை எடை எழுத விடுவாங்க. டேக் தப்பா காட்டினா ஏச்சு வாங்கப் போறதும் அவங்கதான். தாள்ல இருந்த நம்பரைப் பார்த்தாங்க. ஆண்டெனா அடியில ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தாங்க.

"இது வேற ஆளு மூட்டை, தம்பி."

எஞ்சினியர் அசரல. "ரெண்டும் ஒரே மாடல்தான் அக்கா."

"நானும் என் தங்கச்சியும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். எடை ஒண்ணா?"

ஆண்டெனா பெட்டிக்குள்ள போயிடுச்சு.

அந்தப் பெட்டியில ஒரு செக்லிஸ்ட் இருக்கு. 'நம்பர் சரி'ன்னு டிக் அடிச்சு ஒரு மகான் கையெழுத்து போட்டிருக்கான்.

மகான் நான்தான். சிரிக்கிறவங்க, நீங்க பார்க்காமலே கையெழுத்து போட்டதைக் கீழே எழுதிட்டு அப்புறம் சிரிங்க.