தாயின் முதுகைத் தின்ற குஞ்சுகள்

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த அலங்கார மீன் கடையில் வேலைக்கு நின்றேன். வயது பத்தொன்பது. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு என்னைக் கைவிட்டுவிட்டது. நானாக விட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் இருந்தால் ஒன்று இந்தப் பக்கம் பிடிப்பார்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் பிடிப்பார்கள் என்று பயந்து, அம்மா என்னை மட்டும் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்.

முதலாளியின் செல்லம் ஒரு டிஸ்கஸ் மீன் சோடி. சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமான மீன். முந்திய இரண்டு தடவையும் போட்ட முட்டைகளைத் தாங்களே தின்றுவிட்ட பெரிய மனிதர்கள். மூன்றாம் தடவை குஞ்சு பொரித்தது, அறுபதுக்கு மேல். ஆண்மீன் சண்டை பிடித்ததால் அதை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு முதலாளி என்னிடம் சொன்னார்:

"இதுங்க பிழைச்சா உனக்கு வேலைக் கடிதம் தாரேன். இல்லாட்டி வேற இடம் பார்த்துக்க."

எனக்கு அந்தக் கடிதம் பெரிய விஷயம். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று சோதனைச் சாவடியில் கேட்டால் நீட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அடுத்த நாள் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. ஊரடங்கு போட்டார்கள். அதை எடுத்த பிறகும் சந்திக்குச் சந்தி சோதனை என்று முதலாளி மூன்று நாள் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு அசையவில்லை. கடைக்குள்ளேயே படுக்கிற நான்தான் ராஜா. ரயிலும் நின்றுவிட்டதால், அது போகும் போதெல்லாம் நடுங்குகிற தொட்டித் தண்ணீர்கூட அன்று அசையாமல் நின்றது.

மறுநாள் காலையில் பார்த்தால், குஞ்சுகள் எல்லாம் தாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு கொத்திக் கொத்தித் தின்கின்றன! தாய் உதறுகிறது; அவை விழுந்து, திரும்ப வந்து ஒட்டுகின்றன. நான் எத்தனையோ நன்றிகெட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், என்னையும் சேர்த்து. பெற்ற தாயை உயிரோடு தின்கிற பிள்ளைகளை அன்றுதான் கண்டேன்.

தாய் செத்தால் கடிதமும் செத்தது. அதோடு அந்தத் தொட்டி பழைய தண்ணீர்; போன மாதம்தான் அதற்குள் நோய் வருத்தம் வந்து இரண்டு மீன் செத்தது. உடனே புதுத் தொட்டி ஒன்றைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு, நீல மருந்தும் கலந்து, குஞ்சுகளைக் கோப்பையால் அள்ளி மாற்றினேன். அவித்த மஞ்சள் கருவைக் கரைத்துச் சாப்பாடும் போட்டேன். ஒரு ஆஸ்பத்திரியே நடத்தினேன். தாயின் செட்டைக்குள் ஒளிந்த பத்துப் பன்னிரண்டு மட்டும் அகப்படவில்லை.

முதலாளி கடைக்குப் போன் எடுத்தார். "என்னடா, குஞ்சுங்க எப்படி?"

"நல்ல சுகம் முதலாளி. உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னதுகள்."

அந்த நேரமே மூன்று செத்திருந்தது. அடுத்த நாள் காலையில் பத்து. மத்தியானம் எண்ணவே மனமில்லை. சிலவற்றின் உடம்பில் பஞ்சு மாதிரி வெள்ளை. மஞ்சள் கரு அப்படியே அடியில் கிடந்தது. அதே நேரம் ஊத்தைத் தொட்டியில் தாயோடு நின்ற குஞ்சுகளோ கொழுத்துத் துள்ளிக்கொண்டிருந்தன. எனக்குத் தலை சுற்றியது. சுத்தத்தில் சாகின்றன, ஊத்தையில் வாழ்கின்றன. இது என்ன நியாயம்?

மேல்மாடி லொட்ஜில் ஒரு பிள்ளை இருந்தாள். என் வயதுதான், உயர்தரப் பரீட்சையில் உயிரியலை இரண்டாம் தடவை எடுக்க ஊரிலிருந்து வந்தவள். நான் அவளை 'டொக்டர்' என்றுதான் கூப்பிடுவேன். அன்று கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன டொக்டர், ரியூஷன் இல்லையோ?"

"றோட்டெல்லாம் செக்கிங், ஆர் ரியூஷன் வைப்பினம்? அது கிடக்கட்டும், உம்மட முகமேன் செத்த மீன் மாதிரிக் கிடக்கு?"

"மீன்தான் சாகுது."

இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆர் இதுகளைப் பிரிச்சது?"

"நான்தான். தாயைத் தின்னுதுகள்."

"தின்னட்டுமன்! தாயின்ர தோலில ஊறுற வழுவழுப்பைத்தான் தின்னுதுகள். சாப்பாடும் அதுதான், மருந்தும் அதுதான். இந்தத் தண்ணியில இருக்கிற வருத்தத்தை எல்லாம் தாய் தாண்டி வந்திட்டுது. அதை எதிர்க்கிற சக்தி அந்த வழுவழுப்புக்குள்ள இருக்கும். கண்டு போட்ட உடன மாட்டில வாற கடும்புப் பாலைக் கண்டுக்குக் குடுக்கிறவையெல்லோ, அது மாதிரி."

"மீன் பால் குடுக்குமோ? என்னை விசரனாக்கிறீரோ?"

"பால் எண்டு நான் சொன்னனானே? முட்டைக்குள்ளயும் தாய் அந்தச் சக்தியைக் கொஞ்சம் வச்சுத்தான் விடுமாம். ஆனா அது கொஞ்ச நாளைக்குத்தான் காணும். எனக்கும் முழுக்கத் தெரியாது. நானே ஒருக்காப் பெயிலானவள்."

பெயிலான டொக்டர் சொல்வதை, ஒன்பதாம் வகுப்பு நம்புவதா? நம்பினாலும் இன்னொரு பயம். முட்டையைத் தின்ற மீன், பிரிந்துபோன குஞ்சுகளைச் சும்மா விடுமா? நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொன்று மல்லாந்தது. கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைக் கோப்பையோடு தாயிடம் சரித்தேன்.

தாய் நேரே வந்தது. வழி தெரியாமல் நின்ற ஒரு குஞ்சை வாய்க்குள் இழுத்தது. "ஐயோ, விழுங்கிட்டுது!" என்று கத்தியேவிட்டேன். அது திரும்பி, மற்றக் குஞ்சுகள் நின்ற இடத்தில் அதைத் துப்பியது. பிறகு அடுத்ததைத் தேடிப் போனது. ஒவ்வொன்றாக வந்து அதன் முதுகில் ஒட்டின.

கடைசியில் பிழைத்தது இருபத்தொன்று. முதலாளி வந்து தொட்டிக்கு முன்னால் குந்திப் பார்த்தார்.

"மிச்சம் எங்கடா?"

அவரைச் சிரிக்கவைக்கப் பகிடி ஒன்று தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"போன்ல நல்ல சுகம்னியேடா. உண்மையச் சொல்லியிருந்தா, திரும்பத் தாயோட விடுன்னு ஒரு வார்த்தையில சொல்லியிருப்பேனே. நாப்பது உசிருடா."

கடிதம் தந்தார். ஆனால் அந்தத் தொட்டியைத் தொட ஒரு மாதம் விடவில்லை.

இதையெல்லாம் அம்மாவுக்குப் பெரிய கடிதமாக எழுதினேன். கனநாள் கழித்துப் பதில் வந்தது. மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஆரோடும் வாய்காட்டாதே, அவ்வளவுதான்.

நான் குஞ்சுகளைப் பிரித்ததும் காப்பாற்றத்தான். அம்மா என்னை அனுப்பியதும் காப்பாற்றத்தான். அதுகள் செத்தன, நான் பிழைத்தேன். எது சரி, எது பிழை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் யாரையாவது அவர்களின் நல்லதுக்குத்தான் என்று ஒதுக்கிவைக்கப் போகும்போதெல்லாம், அந்தச் சுத்தமான நீலத் தண்ணீர் கண்ணுக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறது.