தங்கச்சியைத் தேடிய கணினி வகுப்பு

வன்னியில் போர் முடிந்த அந்த ஆண்டு நான், ஈழத்தமிழர் பலர் புலம்பெயர்ந்து குடியிருந்த மல்வேர்னில், ஒரு சமூக நிலையத்தில் வேலை தேடுபவர்களுக்குக் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் மாதிரி ரெஸ்யூமே ஒன்றைத் திரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒருவர் கண்ணும் அதில் இல்லை. பேக்கரியில் பாண் பொதி செய்யும் ஷிப்ட் முடிந்து நேரே பஸ் பிடித்து வந்திருந்த செல்வராணி அன்ரி கையை உயர்த்தினார்.

"டீச்சர்ப் பிள்ளை, உதைப் பிறகு பாப்பம். பேஸ்புக்கிலை ஆக்களைத் தேடிப் பிடிக்கலாமாமே. அதை முதல் காட்டித் தாங்கோ."

"ஆரைத் தேடப் போறியள், அன்ரி?"

"என்ரை தங்கச்சி யோகராணியை. மாசிக்குப் பிறகு அவளின்ரை ஒரு கதையும் இல்லை. புருசன், ஒரு பெடியன், ஒரு பெட்டை. முகாமுக்கு வந்து சேந்தினமோ என்னவோ."

வகுப்பில் இருந்த ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு பெயர் இருந்தது. ரெஸ்யூமேயை மூடிவிட்டு, முகநூலில் கணக்குத் திறப்பது எப்படி என்று காட்டத் தொடங்கினேன்.

இரண்டு வாரத்தில் அன்ரி தமிழில் டைப் பண்ணப் பழகிவிட்டார். யோகராணி என்ற பெயர் கண்ட இடமெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பினார். தெரியாத ஆட்களோடு அப்படிச் சேரக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேர் ஒண்டெல்லே, பிள்ளை. ஒரு யோகராணிக்கு இன்னொரு யோகராணியைத் தெரிஞ்சிருக்காதே?"

பாரிஸில் இருந்த ஒரு யோகராணியின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே அன்ரி ஒரு முழுக் கடிதமே எழுதியிருந்தார். 'அன்புள்ள மகளுக்கு, நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். கேக் வடிவாயிருக்கிறது. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள்...' அந்தப் பெண் கோபிக்கவில்லை. 'அன்ரி, நானும் தேடிப் பார்க்கிறேன்' என்று பதில் போட்டிருந்தாள். அதை அன்ரி வகுப்புக்கு எழுந்து நின்று வாசித்துக் காட்டினார்.

நிலையத்தின் மேலாளர் லிண்டா ஒருநாள் உள்ளே வந்தபோது, எல்லாத் திரையிலும் முகநூல் இருந்தது. "வேலைக்கான வகுப்புக்கு இது எதற்கு?" என்று கேட்டார். அன்ரி தன் ஆங்கிலத்தைத் திரட்டிக்கொண்டு, "மை சிஸ்டர் மிஸ்ஸிங், மேடம். ஐ லேர்ன் வேர்க் ஆல்சோ" என்றார். லிண்டா, கடைசி அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அரை மணி நேரத்தில்தான் ஒருநாள் அன்ரி தங்கையின் குடும்பப் படத்தைக் கொண்டுவந்தார். பெயர், ஊர் எல்லாம் போட்டு அதைப் பகிரவேண்டும் என்றார். நான் ஸ்கேன் பண்ணப் போனபோது பாலன் அண்ணை எழுந்து வந்தார். வன்னியில் கடைசி வரை இருந்துவிட்டு வந்தவர். வகுப்பில் அதிகம் வாய் திறவாதவர்.

"அக்கா, உதைப் போடாதேங்கோ. படத்திலை பெடியன் நிக்கிறான். இளந்தாரி. இளந்தாரியளைச் சந்தேகத்திலை பிடிச்சுக்கொண்டு போகினம். உதை ஆர் ஆர் பாப்பினமெண்டு எங்களுக்குத் தெரியாது."

"அப்ப நான் அவளை எப்பிடித் தேடுறது?" அன்ரி கேட்டார். "முகத்தைக் காட்டாமல் ஆளைத் தேட ஏலுமே?"

"உங்கடை முகத்தைப் போடுங்கோ. அவவுக்கு மட்டும் விளங்கிற மாதிரி ஏதும் எழுதுங்கோ."

அன்ரி தன் படத்தைப் போட்டு ஒரே வரி எழுதினார்: 'உன்ரை சிவப்புக் குடையை நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான். என்னோடு சண்டை பிடிக்க வா.'

யோகராணிகள் எல்லோரும் அதைப் பகிர்ந்தார்கள். கோடை போயிற்று. அன்ரி ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி பிள்ளை, நீங்கள் பாடத்தைச் சொல்லுங்கோ" என்பார்.

இலையுதிரும் காலத்தில் பதில் வந்தது. வவுனியாவில் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு யோகராணி, முகாமிலிருந்து வந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் தாய்மாரிடம் விடாமல் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். 'ஓர் அம்மா சொல்கிறா, அது சிவப்பு இல்லையாம், மெரூனாம். உங்களுக்கு ஒருநாளும் நிறம் தெரியாதாம்.'

அன்ரி அதை மூன்று தரம் வாசித்தார். "அவள்தான்!" என்று கத்தினார். "அவள்தான் பிள்ளை, அவளுக்குத்தான் உந்த வாய்!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பாலன் அண்ணை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் ஆசிரியை வீட்டிலிருந்து வீடியோ கோல் வந்தது. தங்கை மெலிந்திருந்தார். பக்கத்தில் மகள் மட்டும்.

"அவர் இல்லை, அக்கா," என்றார் தங்கை. "பெடியனை வேறை முகாமிலை வைச்சிருக்கினம். போய்ப் பாத்தனான். இருக்கிறான்."

அன்ரி திரையில் தங்கையின் கன்னத்தைத் தடவினார். "சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அடுத்த வசந்தத்தில் பெடியனும் தாயிடம் வந்து சேர்ந்தான். அன்ரி வகுப்புக்கே கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். லிண்டாவுக்குத் தனிப் பெட்டி. தங்கைக்கு எழுதி எழுதியே, வகுப்பில் எல்லோரையும்விட வேகமாக டைப் பண்ணுபவராகவும் ஆகிவிட்டார்.

பின்னாளில் வேறு நாட்டவர்களுக்கும் வகுப்பு எடுத்தேன். ரோஹிங்யாக் குடும்பங்கள் வந்தபோது, ஒரு தகப்பன் கைப்பேசியை நீட்டித் தன் தம்பியின் படத்தை எல்லோருக்கும் அனுப்பித் தரச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரை அருகில் அழைத்து, அனுப்புமுன் அந்தத் தகப்பனோடு உட்கார்ந்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள், வகுப்புக்கு வருபவர்கள் யாரோடு பேச விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு படத்தைப் போடுமுன், அதில் நிற்கும் ஒவ்வொருவரும் இப்போது எங்கே, யாருடைய கையில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்காக உங்கள் பாடம் பிந்தினால் பிந்தட்டும்.