மஞ்சள் வைத்த ஸ்வெட்டர்

விஜயலக்ஷ்மிக்குக் கோபம் வந்தால் டில்லியின் அந்த ஜனக்புரி பிளாக் முழுக்கக் கேட்கும். காய்கறி வண்டிக்காரன் இஞ்சியை மண்ணோடு நிறுத்தாலும் கேட்கும், மூன்றாம் மாடிக்காரர் ஹார்ன் அடித்தாலும் கேட்கும். கணவர் கஸ்தூரிரங்கனுக்கு வங்கியில் வேலை. வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். "அதுக்குத்தான் நீ இருக்கியே" என்பார். நல்ல மனுஷிதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

போன மார்ச்சில் அவள் பிடித்தது ஸ்வெட்டரை. பரீட்சை முடிந்த கையோடு, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூட்டையில் மகன் வெங்கி படிக்கும் தமிழ்ப் பள்ளியின் சாம்பல் நிற ஸ்வெட்டர்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒன்றிரண்டுக்கு முழங்கைகூடத் தேயவில்லை. ஒரு மூடி டப்பாவுக்கு ஐந்து ஸ்வெட்டராம்! அதே பள்ளியில், தகப்பன் கொத்து வேலைக்கும் தாய் வீட்டு வேலைக்கும் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் ஜனவரி பனியில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு பிரார்த்தனைக்கு நிற்கிறார்கள் என்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

மறுநாளே பள்ளிக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த ஒரு இரும்பு அலமாரியை பிரின்சிபாலிடம் கேட்டு வாங்கினாள். கேட்டு வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தருகிறவரை எழுந்திருக்கவில்லை. கோடை முழுவதும் வீடு வீடாகப் போய் ஸ்வெட்டர், பாவாடை, ஷூ என்று சேகரித்தாள். துவைத்தாள், பட்டன் தைத்தாள், பிரிந்த நூலைக் கோத்தாள். பாத்திரக்காரி அந்தத் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

நவம்பரில் குளிர் தட்டியதும் தேவைப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். புதுத் துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உடுத்தலாமோ? ஒவ்வொரு ஸ்வெட்டரின் உள்பக்க ஓரத்திலும் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்தாள்.

கஸ்தூரிரங்கன் அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்தார். "பழசுக்கு எதுக்குடி மஞ்சள்?"

"போட்டுக்கற குழந்தைக்குப் புதுசுதானே? நீங்க சும்மா இருங்கோ."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டில்லிக் குளிர் காலையில் எலும்பைத் துளைத்தாலும் மத்தியானம் வெயில் வந்துவிடும். பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய இடுப்பில் கட்டிக்கொண்டு விளையாடப் போவார்கள். யாருடைய ஸ்வெட்டர் கடையில் வாங்கியது, யாருடையது அலமாரியில் எடுத்தது என்று மைதானத்துக்கே தெரிந்துபோயிற்று. பொட்டு இருந்தால் அலமாரி.

இதை வெங்கிதான் சாப்பிடும்போது சொன்னான். ஒன்பதாம் வகுப்பு, டில்லியிலேயே பிறந்தவன், பாதித் தமிழ் பாதி ஹிந்தி. "அம்மா, அந்த அபிராமி இருக்கா இல்ல, செவன்த்துல? அவ ஸ்கூலுக்கே வரல. எல்லாரும் ஹல்தி வாலி, ஹல்தி வாலின்னு சிடாயிச்சாங்க, ஒரே கேலி."

மஞ்சள்காரி! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த விஜயலக்ஷ்மி நேரே அபிராமியின் வீட்டுக்குப் போனாள்.

வீடு என்றால் ரயில் பாதையை ஒட்டிய குடிசைப் பகுதியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அப்பன் பெரியண்ணன் கொத்தனார். காற்றில் புகை ஏறிவிட்டது என்று அரசாங்கம் கட்டட வேலையை நிறுத்தியிருந்ததால் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா ஆராயி கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மாமியைக் கண்டதும் உள்ளே போய், மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரை எடுத்துவந்து நீட்டினாள்.

"புள்ளைக்குச் சளி மாமி. இது வாணாம்."

"சளின்னா ஸ்வெட்டர் போட்டுக்கணும், திருப்பித் தரக் கூடாது. என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு நான் வந்து அந்தப் பசங்க காதைத் திருகறேன். அவளை அனுப்பு."

"எத்தினி பேரு காதைத் திருகுவீங்க?" ஆராயி குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கெழமைலேர்ந்து எங்கூட வேலைக்கு வருது. ஒரு வீட்டுல பேசிட்டேன். பொண்ணும் இனிமே பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு ஒரே அழுவ. பிச்ச வாங்குனவன்னு பேரு வாங்கிக்கிட்டுப் படிக்கணுமா?"

"பிச்சையா? மங்களகரமா இருக்கட்டும்னுதானே நான் பொட்டு வெச்சேன்!"

"உங்க வீட்டுப் புள்ள ஸ்வெட்டருல இருக்குதா அந்தப் பொட்டு?"

எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருந்தே பழக்கப்பட்ட விஜயலக்ஷ்மி, ஸ்வெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட, தன்னால் ஒரு பெண் குழந்தை பாத்திரம் தேய்க்கப் போகிறதே என்று உறுத்தியது.

முதலில் கறையைப் போக்கப் பார்த்தாள். சோப்பைப் போட்டாள், மஞ்சள் சிவந்து ரத்தக் கறை போல் ஆயிற்று. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டதில் மறுபடி மஞ்சளாயிற்று. மஞ்சளா, கம்பளியை விட்டுப் போகுமா? கறுப்புச் சாயம் போடலாமே என்றார் கஸ்தூரிரங்கன். "அப்புறம் காலி வாலி, கறுப்பின்னு கூப்பிடுவா" என்றாள் அவள். ஸ்வெட்டரைக் கொடியில் போட்டுவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஆராயி கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. சரிதானே, நம் வீட்டில் எங்கே இருக்கிறது?

விறுவிறுவென்று உள்ளே போனவள் வெங்கியின் புத்தம்புது ஸ்வெட்டரை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"இது அலமாரிக்கு. உனக்கு அங்கேயிருந்து ஒண்ணு எடுத்துத் தரேன்."

"அம்மா! பாகல் ஹோ கயி ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? என்னையும் ஹல்தி வாலான்னு சொல்லுவாங்க!"

"சொல்லட்டும். உனக்குத் தாங்கறதான்னு பார்ப்போம்."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் கைபேசி சூடேறும்வரை எல்லோரையும் கூப்பிட்டாள். ஆராயியையும் கூப்பிட்டாள். "சும்மா வந்தா உள்ளே விட மாட்டேன். அபிராமிக்குச் சின்னதாப் போனது எதையாவது எடுத்துண்டு வா. கொண்டுவராம யாரும் எடுக்க முடியாது, எடுக்காம யாரும் கொடுக்கவும் முடியாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." மறுமுனையில் "பாக்கலாம் மாமி" என்று மட்டும் வந்தது.

கூட்டத்தன்று பள்ளி மண்டபத்தில் நீள மேஜை போட்டு எல்லாவற்றையும் பரப்பினாள். பக்கத்தில் கிண்ணம் நிறைய மஞ்சள். வெங்கி பழைய ஸ்வெட்டரில், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றான்.

டில்லி துவாரகாவிலிருந்து காரில் வந்த சுபாஷிணி ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து வைத்தாள். கணவருக்கு விமான நிலையத்தில் பெரிய வேலை. பையை வைத்துவிட்டுக் கிளம்பியவளை விஜயலக்ஷ்மி மறித்தாள்.

"நீங்களும் ஒண்ணு எடுத்துக்கணும்."

"எதுக்கு ஆன்ட்டி? நாங்க டொனேட் பண்ணத்தானே வந்தோம்? இல்லாதவங்க எடுத்துக்கட்டும்."

"எடுத்துக்க வெட்கமா இருக்கா?"

"வெட்கம்லாம் இல்ல, ஆனா..."

"வெட்கமா இருந்தா பையைத் தூக்கிண்டு போயிடுங்கோ. எடுக்கறதுக்கு வெட்கப்படறவா கொடுக்கவும் வேண்டாம்."

ஆசிரியைகள் கூரையைப் பார்த்தார்கள். சுபாஷிணிக்கு முகம் சிவந்துவிட்டது. போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விஜயலக்ஷ்மியும்தான் நினைத்தாள், ஆனாலும் வழியை விட்டு நகரவில்லை. சுபாஷிணி அவளை ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, மேஜைப் பக்கம் திரும்பி ஒரு ஸ்வெட்டரை எடுத்து உதறினாள்.

"பெரியவளுக்கு இது ஆகும்னு நினைக்கறேன். பொட்டை நீங்க வைக்கறீங்களா, நானே வெச்சுக்கட்டுமா?"

அதற்கப்புறம் கூட்டம் தாங்கவில்லை. கிட்வாய் நகரிலிருந்து வந்த அரசாங்க அதிகாரி ரமேஷ்குமார் மகனுக்கு ஷூ போட்டுப் பார்த்தார். மேஜையிலிருந்து போன ஒவ்வொரு துணிக்கும் விஜயலக்ஷ்மி பொட்டு வைத்தாள். விரல் மஞ்சளாயிற்று, புடவை மஞ்சளாயிற்று. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. மேஜை காலியாகிக்கொண்டு வந்தது, ஆராயியைக் காணோம்.

கடைசியில் வந்தாள். பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அபிராமி. ஆராயி யாரையும் பார்க்காமல், இஸ்திரி போட்ட பாவாடை ஒன்றை மேஜை ஓரத்தில் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் சுபாஷிணி அதைத் தூக்கிவிட்டாள்.

"என் சின்னவளுக்கு கரெக்டா இருக்கும். இது யாரோடது?"

"எம் பொண்ணுது" என்றாள் ஆராயி.

"புதுசு மாதிரி வெச்சிருக்கீங்களே! தேங்க்ஸ்ங்க." பாவாடை மஞ்சள் வைத்துக்கொண்டு துவாரகா பைக்குள் போயிற்று. ஆராயி அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த ஸ்வெட்டர்களைப் புரட்டினாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது கழுத்து தொளதொளன்னு கீது, வாணாம்." கீழே போட்டாள். இன்னொன்று. "கைய்யி தேஞ்சிருக்குது. நல்லதா காட்டுங்க மாமி."

பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறதைப் பாரு."

"தானம்னு எவ சொன்னா?" விஜயலக்ஷ்மி போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "அவ பாவாடை கொடுத்திருக்கா. பல்லை என்ன, வாலையும் பிடிச்சுப் பார்ப்பா. நீ நன்னா பாரு ஆராயி."

ஆராயி நன்றாகவே பார்த்தாள். நாலாவது ஸ்வெட்டர்தான் அவளுக்குப் பிடித்தது. அபிராமியின் முதுகில் வைத்து அளந்தாள், போட்டுப் பார்க்கச் சொன்னாள், சுற்றி வரச் சொன்னாள். அப்புறம் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள்.

"பாபிஜி, ஆராயி போல் ரஹீ ஹூ. திங்கக்கெழம... சோம்வார் கோ மை அகேலி ஆவூங்கி. பேட்டி நஹி ஆயேகி."

தான் மட்டும்தான் வருவேன், மகள் வர மாட்டாள் என்றதற்கு அந்த வீட்டம்மா ஏன் என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஆராயி மகளைப் பார்த்துக்கொண்டே, மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"உஸ்கா ஸ்கூல் ஹை!"